தரையில் வரைந்த எண்கோடு

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் எனக்குப் பிறகு கணக்குப் பாடத்துக்கு வந்த இளம் விரிவுரையாளர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். பணியிடைப் பயிற்சிகளில் பாதி இப்போது கைபேசியிலேயே நடக்கிறது. ஆசிரியர்கள் வீட்டில் உட்கார்ந்து காணொளி பார்த்து, கேள்விகளுக்குப் பதில் அழுத்தி, சான்றிதழை இறக்கிக்கொள்கிறார்கள். மிச்சமிருக்கும் நேரடிப் பயிற்சியில் விளையாட்டு என்று சொன்னாலே ஒருவரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"நீங்க எப்பிடி மேடம் எழுப்புனீங்க? அத எழுதிக் குடுங்களேன்" என்றார்.

எழுப்பிய விதத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. எழுந்தவர்களில் ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று எழுதலாம். அதைத் தெரிந்துகொண்டால் மற்றவர்கள் ஏன் எழ மறுக்கிறார்கள் என்பதும் அவருக்குப் புரியும்.

நான் படித்ததும் பயிற்சி பெற்றதும் விருத்தாசலத்திலேயே. சில ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தினேன். தேர்வு எழுதிப் பயிற்சி நிறுவனத்துக்கு விரிவுரையாளராகப் போனேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. 'விளையாட்டு முறைக் கற்றல்' என்று பாடத்திட்டத்தில் ஓர் அலகு இருந்தது. அதன் பொருள், நன்மைகள், வரம்புகள் என்று நான் சொல்லச் சொல்ல மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் நன்மைகளை வரிசை மாறாமல் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். அதில் விந்தையாக எதுவும் இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நீச்சலின் நன்மைகளைப் படித்துவிட்டு நீச்சல் சான்றிதழ் வாங்குவது போன்றது அது என்று முதலில் சொன்னவர் சவரிமுத்து சார்.

அவர் எங்களுக்கு முதல்வராக வந்தார். ஒல்லியான உருவம், எப்போதும் வெள்ளைச் சட்டை, பேசுவதற்கு முன் சற்று நேரம் எடுத்துக்கொள்வார். வகுப்பைப் பார்க்க வந்தால் கடைசியில், குழந்தைகளுக்கான குட்டை நாற்காலியில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்காருவார். வகுப்பு நடக்கும்போது எதையும் குறிக்க மாட்டார். முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"அவங்க என்னா பண்ணாங்க?"

நாம் என்ன செய்தோம் என்று சொல்ல ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். "அது எனக்குத் தெரியும் மேடம். நீங்க பேசுனீங்க. அவங்க என்னா பண்ணாங்க?"

என் வகுப்பைப் பற்றி அவர் கேட்டபோது, "எழுதினாங்க சார்" என்பதைத் தவிர எனக்குப் பதில் இல்லை. அவர் திட்டவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டி யாரும் பார்த்ததில்லை. அந்தச் 'சரி'யை விடத் திட்டே மேல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஆசிரியர்களுக்கு எந்த விளையாட்டைக் கொடுப்பதாக இருந்தாலும் நாங்கள் முதலில் ஆட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த முறை. விரிவுரையாளர்கள் எல்லோரும், அவரும்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக நிற்பார். விளையாடும்போது அவர் சிரிக்க மாட்டார். தோற்றால் முகம் நிஜமாகவே சுருங்கிவிடும். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தால், "சிரிச்சிக்கிட்டே ஆடுறது பெரியவங்க பழக்கம். புள்ளைங்க ஆடுறதப் பாருங்க, ஒண்ணும் சிரிக்காது. அதுங்களுக்கு அது வேலை" என்பார்.

ஆடி முடித்ததும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தது, பிடித்திருந்தது என்ற பேச்சே கூடாது. பிறகு இதில் பாடம் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். கடைசியாக விளையாட்டைக் கெடுக்க வேண்டும். விதிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி ஆடிப் பார்ப்போம். ஏதோ ஒரு விதியை எடுத்ததும் குதியும் கூச்சலும் அப்படியே இருக்கும், பாடம் மட்டும் காணாமல் போயிருக்கும். "அந்த விதியிலதான் பாடம் இருக்குது. மத்ததெல்லாம் சர்க்கரை" என்பார் சார். முன்கூட்டி விளக்கம் சொல்வது அறவே கூடாது. முதலில் ஆட்டம், பிறகு பேச்சு.

பொருள்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. பீங்கான் கம்பெனிகளில் சூளையிலிருந்து கோணலாகவோ வெடிப்போடோ வருபவற்றைத் தனியாகக் குவித்து வைத்திருப்பார்கள். கேட்டால் சாக்கில் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். மூக்கு வளைந்த வாத்து, காதில்லாத முயல், மூடி பொருந்தாத ஜாடி என்று எங்கள் கணக்கு அறை நிறைந்திருந்தது. எண்ணுவதற்கு, அடுக்குவதற்கு, எடை பார்ப்பதற்கு எல்லாம் அவைதான்.

அப்படி ஒரு வாத்தை வைத்து ஆடுவதுதான் தவளைத் தாவல். தரையில் சாணுக்கு ஓர் எண்ணாகப் பூஜ்ஜியத்திலிருந்து இருபது வரை எண்கோடு வரைவோம். ஓர் எண்ணின் மேல் வாத்தை வைப்போம். ஆடுபவர் பூஜ்ஜியத்தில் நின்று, எத்தனை எத்தனையாகத் தாவப்போகிறார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. சரியாக வாத்து இருக்கும் எண்ணில் போய் நின்றால் அதை எடுத்துக்கொள்ளலாம்; தாண்டிவிட்டால் தோல்வி. வகுத்தலும் மீதியும் மடங்குகளும் இதற்குள் இருக்கின்றன. சொல்லிவிட்டுத் தாவ வேண்டும் என்பதுதான் இதில் பாடம் இருக்கும் விதி. அதை எடுத்துவிட்டால் வெறும் குதிதான்.

ஒருமுறை எங்கள் மாவட்டத்து மங்களூர் ஒன்றியத்தின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு எங்கள் நிறுவனத்தில் பயிற்சி நடந்தது. அதில் வந்தவர் விஜயலட்சுமி. நாற்பதுகளின் கடைசியில் இருந்தார். கனத்த உடம்பு, தடித்த கண்ணாடி. இரண்டே ஆசிரியர்கள் உள்ள கிராமத்துப் பள்ளியில் பல ஆண்டுகளாக இருந்தார். பெண்ணாடத்தில் வீடு, தினமும் பஸ்ஸில் போய் வருவார். கண்டிப்பானவர் என்று பெயர். டீச்சர் பஸ்ஸைவிட்டு இறங்கினால் டீக்கடையில் இருப்பவர்கள்கூடப் பீடியை மறைப்பார்கள் என்று உடன் வந்தவர்கள் கிண்டலாகச் சொன்னார்கள்.

காலையெல்லாம் அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். நான் வற்புறுத்தவில்லை. மதியத்துக்கு மேல், வாத்து இருபதின் மேல் இருந்தது. இருவர் தாவித் தோற்றார்கள். விஜயலட்சுமி திடீரென்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பூஜ்ஜியத்தில் வந்து நின்றார்.

"மூணு மூணா" என்றார்.

மூன்று, ஆறு, ஒன்பது என்று போய்ப் பதினெட்டில் நின்றார். அடுத்த தாவலுக்குக் காலைத் தூக்கியவர், இருபத்தொன்றில் விழப்போகிறோம் என்று அந்தரத்திலேயே உணர்ந்துவிட்டார். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் விசிறிக்கொண்டு ஒற்றைக் காலில் தள்ளாடினார். மண்டபமே சிரித்தது. அவரும் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. கீழே எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இருங்க, இருங்க. மூணு தப்பில்ல. நான் பூஜ்ஜியத்துல நின்னதுதான் தப்பு. ரெண்டுல நின்னிருந்தா மூணு மூணாவே புடிச்சிருப்பேன். மிச்சம் ரெண்டு வருதில்ல, அத மொதல்லயே குடுத்துட்டா சரியாப் போச்சு."

இது ஆட்ட விதியில் இல்லாதது. ஆனால் மீதி என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் திரும்பி வந்து இரண்டில் நின்று மறுபடி தாவினார். ஐந்து, எட்டு, பதினொன்று, பதினான்கு, பதினேழு, இருபது. வாத்தை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினோம்.

பயிற்சி நடந்ததற்குச் சான்றாகப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. அதனால் மண்டபத்தில் எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும். விஜயலட்சுமி தாவியதை ஓர் இளம் ஆசிரியை முழுதாகப் படம் பிடித்திருந்தார். முழுதும் நீளமாக இருந்ததால், சிரிப்பு வந்த இடத்தை மட்டும் வெட்டி, "எங்க அக்கா சூப்பர்" என்று தன் ஸ்டேட்டஸில் போட்டார். நிஜமான பிரியத்தோடுதான் போட்டார். அதை யாரோ எடுத்து யாருக்கோ அனுப்பினார்கள். இரண்டு மூன்று கை மாறி அது விஜயலட்சுமியின் பள்ளி இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அதற்கு ஒரு குத்துப்பாட்டும் தவளைச் சத்தமும் சேர்ந்திருந்தன. கண்டிப்பான டீச்சர் ஒற்றைக் காலில் கைகளை விசிறிக்கொண்டு ஆடுவது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. பதினெட்டும் இருபதும் அதில் தெரியவே இல்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கினால் டீக்கடையில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் பின்னாலிருந்து தவளைச் சத்தம் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பழனிவேல் என்ற டிராக்டர்காரர் எழுந்து, "நாங்க புள்ளைங்கள படிக்க அனுப்புறமா, குதிக்க அனுப்புறமா?" என்று கேட்டாராம். அவர் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு தனியார் பள்ளி வேன் அந்த ஊருக்குள் வந்துபோக ஆரம்பித்திருந்த சமயம் அது. ஏற்கெனவே பிள்ளைகள் குறைந்த பள்ளி. இன்னும் சில வீடுகள் வேனில் ஏற்றிவிட்டால் பள்ளியை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

விஜயலட்சுமி மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இடமாற்றமும் கேட்டிருந்தார்.

படம் எடுத்த இளம் ஆசிரியை அழுதுகொண்டே வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். வெட்டாத முழுக் காணொளியையும் எனக்கு அனுப்பிவைத்தார். நான் சவரிமுத்து சாரிடம் போய், காவல் துறையில் புகார் கொடுக்கலாம், அல்லது முழுக் காணொளியை நாமே எல்லோருக்கும் அனுப்பலாம் என்று சொன்னேன்.

அவர் வழக்கம்போலச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். "புகார் குடுத்தா எவனோ ஒரு பையனப் புடிப்பாங்க. ஊரு அந்தம்மா மேல கோவப்படும். இன்னொரு வீடியோ அனுப்புனா அதையும் வெட்டுவாங்க." பிறகு, "அந்தம்மா என்னா பண்றாங்க இப்ப?" என்றார்.

"வீட்ல இருக்காங்க சார்."

"அப்ப வூட்டுக்குப் போவோம்."

பெண்ணாடத்துக்குப் பஸ்ஸில் போனோம். அரவைக் காலம், கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. விஜயலட்சுமியின் கணவர் கோவிந்தராஜன் கதவைத் திறந்தார். சர்க்கரை ஆலையில், வரும் கரும்பு வண்டிகளை வரிசையில் நிறுத்தும் யார்டில் வேலை. உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார், அவர் உட்காரவில்லை.

"சார், நான் வண்டிக்காரங்ககிட்ட நாள் பூரா கத்தி வேலை வாங்குறவன். ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. இப்ப யார்டுக்குள்ள போனா போனை எடுக்குறானுங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையா, சொல்லுங்க. பாடம் நடத்துறவங்கள எதுக்கு சார் குதிக்க வெக்கிறீங்க?"

உள்ளேயிருந்து விஜயலட்சுமி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். முகம் வாடியிருந்தது.

"எப்பிடி இருக்கீங்க?" என்றேன்.

அவர் கணவர் பக்கம் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "சிரிக்கிறாங்கன்னுகூட இல்ல மேடம். அன்னிக்கு ஆடும்போது எனக்கு ரொம்ப நல்லா இருந்துது. எத்தனையோ வருசம் கழிச்சு நல்லா இருந்துது. அதப் போயி எடுத்துட்டாங்களேன்னுதான் ஆறல."

சார் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடுத்த வாரம் உங்க ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம் இருக்குதாம். நான் வந்து அந்தப் பாடத்த அவங்க முன்னால எடுக்குறேன். நீங்க எடுக்க வேணாம். பின்னால ஒக்காந்து பாருங்க, போதும்."

"நான் வரல சார்."

"வந்தா பாருங்க. வரலன்னாலும் நான் எடுப்பேன். போயிட்டு வரேங்க."

கூட்டத்தன்று நானும் சாரும் போனபோது விஜயலட்சுமி வந்திருந்தார். வராந்தாவின் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் முற்றத்து வேப்பமரத்தடியில் கூடியிருந்தார்கள். பழனிவேல் முன்வரிசையில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். வாத்து சாரின் தோல்பையில் இருந்தது. வராந்தாவின் சிமெண்டுத் தரையில் அவரே முழங்காலிட்டுச் சாணளந்து எண்கோடு போட்டார்.

அதன் பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். எண்கோடு என்றால் என்ன, குழந்தைக்கு எண் ஏன் உடம்பில் படிய வேண்டும், விளையாட்டுக்கும் கற்றலுக்கும் என்ன உறவு என்று பேசினார். ஆட்டத்துக்கு முன் பேசக் கூடாது என்று எங்களிடம் அத்தனை காலம் சொன்னவர், பெற்றோர் முகங்களைப் பார்த்ததும் பேசிக்கொண்டே போனார். பிள்ளைகள் நெளிந்தார்கள். ஒருவழியாக அவர்களைக் கூப்பிட்டார். புது ஆள் என்பதால் முதலில் பயந்து நின்றவர்கள், ஒருவன் குதித்ததும் எல்லோரும் குதித்தார்கள். வாத்து பதினெட்டில் இருந்தது. அதை எப்படி வேண்டுமானாலும் போய்ப் பிடித்தார்கள். கூச்சல் கூரையைத் தொட்டது. சார் வியர்த்துப் போய், "வரிசை, வரிசை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பழனிவேல் பக்கத்திலிருந்தவரிடம் உரக்கவே சொன்னார். "இதான் பாடமாம்யா."

சிலர் எழ ஆரம்பித்தார்கள். இது இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது விஜயலட்சுமி தூணோரத்திலிருந்து எழுந்து வந்தார். முகத்தில் அழுகையோ கூச்சமோ இல்லை. தன் அடுப்படியில் வேறு யாரோ பாலைப் பொங்கவிடுவதைப் பார்ப்பவர்போல் இருந்தார்.

"சார், சொல்லிட்டுத் தாவணும். அத வுட்டுட்டீங்க."

சார் அவரைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"சாக்பீஸக் குடுங்க. நீங்க ஒக்காருங்க சார்."

அவர் கொடுத்துவிட்டுப் போய், தூணோரம் விஜயலட்சுமி எழுந்த இடத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

விஜயலட்சுமி குரலை உயர்த்தவில்லை. "அவங்கவங்க எடத்துல" என்றார். முற்றம் அடங்கிவிட்டது. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டார். "எத்தன எத்தனையா போவ?" "ரெண்டு ரெண்டா டீச்சர்." "புடிப்பியா?" அந்தப் பெண் எண்களைப் பார்த்து உதடு அசைத்தாள். "புடிப்பேன்." போய்ப் பிடித்தாள். அடுத்தவன் நான்கு என்றான். "மொதல்ல யோசி. எங்க போய் நிப்ப?" அவன் யோசித்து, "பதினாறுல நிப்பேன். புடிக்க மாட்டேன்" என்றான். "அப்ப எதுக்குத் தாவுற? மாத்திக்க." தாவாமலே ஒருவன் விடை சொன்னதைப் பெற்றோர் கவனித்தார்கள். எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு சின்னப் பிள்ளை, விஷமம் ஏதுமில்லாமல், "டீச்சர், நீங்க தாவுங்க" என்றது.

வேப்பமரத்தடியில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விஜயலட்சுமி சிரித்த பக்கம் திரும்பினார். "நான் தாவுனதத்தான் ஊரே பாத்தாச்சே. இப்ப உங்க முறை. பழனிவேலு, வாங்க. எத்தன எத்தனையா வருவீங்க, சொல்லிட்டு வாங்க."

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள், மகளும் பார்க்கிறாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "அஞ்சு" என்றார்.

"அப்பா, அஞ்சு ஒத்து வராதுப்பா!" என்று மகள் கத்தினாள்.

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அவர் தாவினார். ஐந்து, பத்து, பதினைந்து. அடுத்ததற்குக் காலைத் தூக்கியவர் கீழே பார்த்தார். இருபது, வாத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. தூக்கிய கால் தூக்கியபடி நிற்க, கைகள் இரண்டும் தாமாகவே விரிந்தன.

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். விஜயலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் வகுப்பில் இருந்தார்.

"அப்பிடியே நில்லுங்க. அஞ்சு அஞ்சாவே போயிருக்கலாம். எங்கருந்து கெளம்பியிருந்தா புடிச்சிருப்பீங்க?"

பழனிவேல் காலைக் கீழே வைத்துவிட்டு வாத்தைப் பார்த்தார், பூஜ்ஜியத்தைப் பார்த்தார். விரலை மடக்கினார். கூட்டத்தில் ஒரு பையன் கைபேசியை உயர்த்தியதைக் கண்டு, "ஏய், அத உள்ள வெய்யிடா" என்று அதட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மூணுலருந்து கெளம்பியிருக்கணும்."

"சரியாச் சொன்னீங்க. ஒக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்க, அவர் எண்கோட்டைக் காட்டி மூன்று, எட்டு, பதிமூன்று, பதினெட்டு என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் சாரிடம் கேட்டேன். "அவங்களை எழுப்பத்தான் வேணும்னே அந்த விதியை விட்டீங்களா சார்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார். "இல்ல மேடம். நெஜமாவே சொதப்பிட்டேன். பெத்தவங்களப் பாத்ததும் பயம் வந்துடுச்சு. பயம் வந்தா நானும் பேச ஆரம்பிச்சுடுவேன்போல."

அந்த ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றத்தான் செய்தார்கள். பழனிவேல் ஏற்றவில்லை. டீக்கடையில் பாட்டு கொஞ்ச நாள் ஓடியது. வேறு யாருடைய வீடியோவோ வந்ததும் இதை மறந்தார்கள். விஜயலட்சுமி இடமாற்ற விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் அடுத்தடுத்த பயிற்சிகளில் அவர் தாவவில்லை. மற்றவர்களைத் தாவவிட்டுக் கேள்வி கேட்பார். நானும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் நிறுவனத்தில் பயிற்சி தொடங்கும் முன் கைபேசிகளை எல்லாம் ஒரு பையில் வாங்கி வைக்கும் வழக்கம் வந்தது. சான்றுக்கு, ஆட்டம் முடிந்த பிறகு தரையில் இருக்கும் கோடுகளைப் படம் எடுத்து அனுப்பினோம். ஆட்கள் இல்லாத படம் செல்லாது என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது. சார் அதற்கும் 'சரி' என்று சொல்லிவிட்டுக் கோடுகளையே தொடர்ந்து அனுப்பினார். பிறகு அவர் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் நானும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் கோவிந்தராஜன் எங்கள் நிறுவனத்துக்கு வந்தார். சகோதரி மகளை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க விவரம் கேட்க வந்ததாகச் சொன்னார். விவரம் சொன்னேன். கேட்டுக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், அன்னிக்கு எடுத்தது முழுசா உங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க."

"இருக்கு."

"நான் அந்தத் துண்டத்தான் பாத்தேன். அதுவும் அடுத்தவன் போன்ல."

கைபேசியில் தேடி எடுத்து அவரிடம் கொடுத்தேன். வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அவர் பார்த்தார். விஜயலட்சுமி புடவையைச் செருகிக்கொண்டு வந்தார், மூணு மூணா என்றார், பதினெட்டில் தள்ளாடினார். அந்த இடத்தில் கோவிந்தராஜனின் முகம் இறுகியது. பிறகு "இருங்க, இருங்க" என்ற குரல் கேட்டது. மிச்சத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால் சரியாகப் போகும் என்று அந்தக் குரல் விளக்கியது. விஜயலட்சுமி திரும்பி வந்து, இரண்டில் நின்று, தாவித் தாவிப் போய் வாத்தை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார். கைதட்டல் முடிந்து படம் நின்றது.

"நான் உங்களுக்கு அனுப்பட்டுமா?" என்றேன்.

"வேணாம் மேடம். என் போன்ல இருந்தா எவனாவது வாங்கிப் பாப்பான்."

கைபேசியைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தினார்.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றார்.